கானாங்கோழி அடைகாத்த இருபது நாள்

அன்புள்ள தம்பி,

ஒரே கூரையின் கீழ் படுத்து எழுந்துகொண்டு, ஒரே சட்டிக் குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டு, பெற்ற மகனுக்குக் கடிதம் எழுதுகிற அப்பனை நீ இதற்கு முன் பார்த்திருக்க மாட்டாய். சிரிப்பதானால் சிரித்துக்கொள். நேரிலேயே சொல்லிவிடலாம் என்று மூன்று நாளாக உன் பின்னால் அலைந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் "பரவால்லப்பா, அதப் பத்தி விடுங்க" என்று துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விடுகிறாய். உன் குளியல் முடிவதற்குள் என் தைரியமும் முடிந்துவிடுகிறது. தாளில் எழுதிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. பாதியில் எழுந்து போனாலும், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து படிக்கலாம்.

ஏரியைப் பெரிதாக்கும் வேலையில் நில அளவைக்கு உன்னை எடுத்துக்கொள்கிறோம் என்று கடிதம் வந்திருப்பது எனக்குத் தெரியும். வருகிற திங்கட்கிழமைக்குள் நீ பதில் சொல்ல வேண்டும் என்பதும் தெரியும். நீ சொல்லவில்லை, உன் அம்மா சொன்னாள். நீ அவளிடம் பேசியதை உன் குரலிலேயே, உன்னைப் போலவே கையை ஆட்டிச் சொல்லிக் காட்டினாள். "கரைய உசத்தினா மேல இருக்கற சதுப்பு முழுக்க முங்கிடும்மா. அப்பா பதினேழு வருஷமா பாத்துப் பாத்து வச்சிருக்கற எடம். அத முழுகடிக்கற வேலைக்குப் போயிட்டு அவர் மூஞ்சில எப்படி முழிக்கறது? இப்ப இருக்கற ஷிப்பிங் ஆபீஸே போதும்லா." அதைக் கேட்டதும் எனக்கு என்ன பெருமை தெரியுமா? என் பறவைகளுக்காக என் மகன் ஒரு வேலையையே விடுகிறான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சைக்கிளை மிதித்தேன். தாம்சன் ரோட்டு ஏற்றம் வருவதற்குள் அந்தப் பெருமையெல்லாம் இறங்கிப்போய்விட்டது. நீ எந்த அப்பாவுக்காக இதைச் செய்கிறாயோ அந்த அப்பா நான் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன், பின்னால் தேவைப்படும். காலையும் மாலையும் ஏரியின் அளவுப் பலகையில் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். ஓவர்சியர் சொல்கிறபோது வால்வைத் திருக வேண்டும். கரையைச் சுற்றி நடந்து எங்காவது கசிகிறதா என்று பார்த்து, மாலையில் ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். கசிவு இல்லையென்றால் 'கசிவு இல்லை'. பெரும்பாலும் அந்த இரண்டு வார்த்தைதான். மீதி நேரம் என் கண் சும்மா இருந்தது. சும்மா இருந்த கண் பறவைகளைப் பார்த்தது, அவ்வளவுதான். யாரும் சொல்லிக்கொடுத்துப் பார்த்ததில்லை. பல பறவைகளுக்கு எனக்கு முறையான பெயரே தெரியாது. ஒரு கடற்கழுகுக்கு 'ஓவர்சியர்' என்று பெயர் வைத்திருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? ஒரு நாளைக்கு இரண்டு முறை வரும், ஒரு சுற்றுச் சுற்றும், இருப்பதிலேயே பெரிய மீனாகப் பார்த்து எடுத்துக்கொண்டு போய்விடும். நீ ஒருநாள் உண்மையான ஓவர்சியர் முன்னாலேயே "அப்பா, ஓவர்சியர் மீன் திருடுறாரு!" என்று கத்தி என் மானத்தை வாங்கினாய்.

சிங்கப்பூரில் வெயில் உண்டு, மழை உண்டு, பருவம் கிடையாது என்பார்கள். நானும் வந்த புதிதில் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஏரிக்கரையில் ஒரு வருஷம் முழுசாக நடந்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய உளறல் என்று தெரிந்தது. செப்டம்பரில் முதலில் உள்ளான் வரும். கரைக் கல்லின் மேல் நின்று விடாமல் வாலை ஆட்டும். அக்டோபரில் தகைவிலான்கள் வந்து பம்பு வீட்டுக் கம்பிகளை நிறைத்துவிடும். தட்டான்களைப் பிடிக்கப் பஞ்சுருட்டான்கள் தண்ணீருக்கு மேலே வளைந்து வளைந்து பறக்கும். அப்புறம் வடகிழக்கு மழை. பொங்கலுக்குப் பிறகு மழையில்லாத காய்ந்த காலம். தண்ணீர் ஒரு சாண், இரண்டு சாண் என்று இறங்கும். அக்கரை ரப்பர் மரங்கள் சிவந்து இலையுதிர்க்கும். ஏப்ரலில் ஒரு காலையில் போய்ப் பார்த்தால் கம்பிகள் காலியாக இருக்கும். உனக்கு ஏழு வயதில் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை உன்னைச் சைக்கிள் பாரில் உட்கார்த்தி அழைத்துப் போனேன். காலிக் கம்பியைப் பார்த்துவிட்டு, "அப்பா, நாம ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டோமா?" என்று கேட்டாய். இல்லடா, அதுங்களுக்கு அங்க வேலை இருக்கு, முடிச்சிட்டு வந்துடும் என்றேன். நீ நம்பாமல் வழியெல்லாம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தாய். அந்த வயதிலேயே பழியைத் தூக்கித் தலையில் போட்டுக்கொள்கிற குணம் உனக்கு. யாரிடமிருந்து வந்தது என்று உன் அம்மாவும் நானும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

இனி அறுபத்து மூன்றாம் வருஷத்துக்கு வருகிறேன். மழை ஏமாற்றிய வருஷம். அளவுப் பலகையில் நான் அதுவரை பார்த்திராத கோடெல்லாம் வெளியே வந்தது. தண்ணீருக்குள் எப்போதோ முழுகிப்போன மரக்கட்டைகள் தலை நீட்டின. ஊரில் பங்கீடு வந்தது. குழாயில் இந்த நேரத்துக்குத் தண்ணீர் வரும், இந்த நேரத்துக்கு நிற்கும் என்று ஆனது. சிராங்கூன் ரோட்டுப் பக்கத்துச் சந்தில், நம் மாடிப்படிக்குக் கீழே இருக்கிற பொதுக்குழாயில் வாளியும் மண்ணெண்ணெய் டின்னும் வரிசை கட்டி நின்றதை நீயும் மறந்திருக்க மாட்டாய். அதில் பாதி வாளியைத் தூக்கியவன் நீதான். இப்போது முதலாவது உண்மையைச் சொல்கிறேன். அந்த வருஷம் எனக்கு நல்ல வருஷம். தண்ணீர் இறங்க இறங்கச் சேறு வெளியே வந்தது, சேறு வந்ததும் உள்ளான்களும் கொக்குகளும் நான் கண்டிராத கூட்டமாக வந்தன. ஊர் தண்ணீருக்கு அல்லாடிக்கொண்டிருந்தபோது நான் காலையில் விசிலடித்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அந்தக் கோடையில்தான் கரைக்கு வெளிப்பக்கம், அடிவாரத்தில், வால்வுக் குழாயின் மூட்டில் கசிவைக் கண்டேன். என் கட்டைவிரல் தடிமனுக்குத் தண்ணீர். ஓடிப்போய்க் கீழே பள்ளத்தில் தேங்கி, சுற்றிலும் எல்லாப் புல்லும் காய்ந்து கிடக்க, அந்த ஒரு திட்டு மட்டும் கோரையும் பச்சையுமாக இருந்தது. கோரையை விலக்கிப் பார்த்தேன். கானாங்கோழி. வெள்ளை மார்பு, கறுப்பு முதுகு. என்கூட வேலை செய்த மலாய்க்காரர்கள் ருவாக்-ருவாக் என்பார்களே, அதுதான். முட்டை மேல் உட்கார்ந்திருந்தது. ஆளைக் கண்டால் பிய்த்துக்கொண்டு ஓடுகிற பறவை, அன்று ஓடவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது. கசிவைச் சொன்னால் ஆட்கள் மண்வெட்டியோடு வருவார்கள், அந்தப் பள்ளத்தைத் தோண்டித்தான் குழாய் மூட்டைச் சரிசெய்ய வேண்டும். கோரை இருக்காது, கூடு இருக்காது. அன்று மாலை சீட்டில் 'கசிவு இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன்.

அடைகாக்க இருபது நாள் ஆகும் என்பது எனக்குத் தெரியும். இருபது நாளும் அதையே எழுதினேன். விரல் தடிமன் தண்ணீரில் சிங்கப்பூரின் தாகம் தீர்ந்துவிடுமா என்று எனக்கு நானே வக்காலத்து வாங்கிக்கொண்டேன். வேலையில் இருக்கும்வரை அந்த வாதம் நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்தால் உன் அம்மா அரிசி களைந்த தண்ணீரை எடுத்து வைத்துப் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள்.

பத்தாவது நாளோ பதினோராவது நாளோ, நீ ஃபேரர் பார்க்கில் பந்து விளையாடிவிட்டு முழங்கால்வரை மண்ணோடு வந்தாய். சமையல்கட்டு டிரம்மிலிருந்து இரண்டு குவளை மொண்டு காலில் ஊற்றினாய். நான் அப்போதுதான் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வந்த வேகத்தில் உன் கன்னத்தில் அறைந்தேன். "ஊரே நாக்கு வறண்டு கெடக்குது, தொரைக்குக் கால் கழுவணுமோ?" என்றேன். உனக்குப் பதினாறு வயது, என் உயரம் வந்துவிட்டாய். "தப்புதான்ப்பா" என்று சொல்லிவிட்டு, ஊற்றியது போக மிச்சமிருந்த அரைக் குவளையை மறுபடி டிரம்மிலேயே ஊற்றினாய். மறுநாளிலிருந்து ஒரு குவளையில் உடம்பைத் துடைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாய். இன்றைக்கும் குழாயை மூடிவிட்டு இன்னொரு முறை திருகிப் பார்க்கிறாயே, அதைப் பார்க்கும்போதெல்லாம் என் கை கூசுகிறது. உன்னை அடித்த அன்று மாலையும் நான் 'கசிவு இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். என்னை நானே அடித்துக்கொள்ள முடியாமல் உன்னை அடித்தேன் என்று சொன்னால் அழகாக இருக்கும், ஆனால் அப்போது அப்படியெல்லாம் தோன்றவில்லை. வெறும் ஆத்திரம்தான். தம்பி, அந்த அறைக்கு ஐந்து வருஷம் கழித்து மன்னிப்புக் கேட்கிறேன்.

அதே வாரம் குழாயடியில் அஞ்சலை அக்காவுக்கும் உன் அம்மாவுக்கும் சண்டை. கடைகளுக்கு முன்னாலிருக்கும் ஐந்தடி நடைபாதையில் ஆப்பம் சுட்டு விற்கிறவளுக்கு மாவு அரைக்கவே தண்ணீர் இல்லாமல் நாலு நாளாக அடுப்பு மூடிக் கிடந்தது. யார் டின்னை யார் நகர்த்தினார்கள் என்று ஆரம்பித்தது. "ஒம் புருஷன்தான் ஏரியிலயே குடியிருக்காரே, ஒரு கொடம் தூக்கிட்டு வரச் சொல்லேன்லா" என்று அஞ்சலை அக்கா கேட்டுவிட்டாள். "எங்க வீட்டுக்காரர் ஒரு சொட்டு தொட மாட்டார், அவரப் பத்திப் பேசாத" என்று உன் அம்மா வாளியைத் தரையில் அடித்தாள். மாடிப்படியில் நின்று இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்தேன். இறங்கிப்போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்கா தங்கை மாதிரி இருந்த இரண்டு பேரும் நாலு மாசம் முகம் பார்க்காமல் மாடிப்படி ஏறி இறங்கினார்கள்.

இருபத்தொன்றாம் நாள் காலையில் அந்தக் கோழி கோரையை விட்டு வெளியே வந்தது. பின்னால் கரித்துண்டு மாதிரி ஐந்து குஞ்சுகள். பள்ளத்தைக் கடந்து புதருக்குள் போய்ச் சேரும்வரை பார்த்தேன். நேரே ஓவர்சியரிடம் போனேன். "சார், வால்வுக்குக் கீழ கசியுது." "எப்ப பாத்தே?" "இன்னிக்குக் காலையிலதான் சார்." மதியத்துக்குள் அடைத்துவிட்டார்கள். "கண்ணுன்னா இதுய்யா கண்ணு" என்று என் முதுகில் தட்டினார். இரண்டு மாசம் கழித்து, பங்கீட்டுக் காலத்தில் விழிப்பாகப் பணிபுரிந்ததற்காக என்று ஒரு பாராட்டுத் தாள் முத்திரையோடு வந்தது. உன் அம்மா கண்ணாடிச் சட்டம் போட்டாள், நீ ஆணி அடித்தாய். உன் கூட்டாளிகள் வரும்போதெல்லாம் அதைக் காட்டி நீ பேசுவதைக் கேட்டுக்கொண்டு அடுத்த அறையில் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருப்பேன். நேற்று அதை இறக்கிவிட்டேன். ஆணி மட்டும் இருக்கிறது. ஏதாவது காலண்டர் மாட்டிக்கொள்.

உன் அம்மாவிடம் போன செவ்வாய்க்கிழமை சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை. "ஒரு கோழிக்காகவா நான் அஞ்சலகிட்ட நாலு மாசம் பேசாம இருந்தேன்?" என்றாள். அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டு, "குஞ்சு எத்தன?" என்றாள். "அஞ்சு." "அஞ்சும் பொழச்சுதா?" "நாலு பொழச்சுது." "ம்" என்றாள். அப்புறம், "புள்ளகிட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்" என்றாள். ஆனால் அஞ்சலை அக்காவிடம் சொல்லிவிட்டாள். இரண்டு நாளாக எனக்கு வருகிற ஆப்பம் ஓரமெல்லாம் கருகித்தான் வருகிறது. சந்து முழுக்கத் தெரிவதற்குள் நீ என்னிடமிருந்து தெரிந்துகொள்ள வேண்டும் என்ற அவசரமும் இந்தக் கடிதத்துக்கு ஒரு காரணம்.

அந்தக் கோழியைக் காப்பாற்றியது தப்பு என்று நான் இன்றும் சொல்ல மாட்டேன். அதன் கண்ணை நீ பார்த்திருந்தால் நீயும் சொல்ல மாட்டாய். ஆனால் கசிவை அடைக்க வந்த ஆட்களில் ஒருவன் பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னான். இரண்டு தகரத்தை வளைத்துக் கசிவுத் தண்ணீரைப் பக்கத்துத் தொட்டிக்குத் திருப்பி, அங்கிருந்து மேலே இறைத்திருக்கலாமாம். பள்ளத்துக்கு ஒரு சொம்பு விட்டிருந்தாலே கோரைக்குப் போதும். ஓவர்சியர் கடுகடு ஆள்தான், ஆனால் காது கேட்கிற ஆள். "சார், இருபது நாள் பொறுங்க, இப்படிச் செய்யலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் முடியாது என்று சொல்வார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அவருக்குப் பதிலாக நானே முடியாது என்று சொல்லிக்கொண்டு, அப்புறம் திருட்டுத்தனமாக ஆரம்பித்தேன். அஞ்சலை அக்காவையும் கேட்கவில்லை, உன் அம்மாவையும் கேட்கவில்லை, உன்னையும் கேட்கவில்லை. உங்கள் எல்லாருடைய தண்ணீரையும் எடுத்து என் ஆசைக்குச் செலவு செய்துவிட்டு, நல்ல பெயரும் வாங்கிக்கொண்டேன்.

இப்போது உன்னைப் பார். அப்பாவுக்கு வலிக்கும் என்று நீயாகவே முடிவு கட்டி, அப்பாவுக்குப் பதிலாக நீயே வேண்டாம் என்று சொல்லி, அந்தக் கடிதத்தை டிரங்குப் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறாய். (எனக்குத் தெரியும், பார்த்தேன்.) என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? மூக்கு மட்டும்தான் என் மாதிரி என்று நினைத்திருந்தேன், இதுவுமா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஆமாம், வலிக்கும். அந்தச் சதுப்பு முழுகும் நாளில் நான் லீவு போட்டுவிட்டு வீட்டில் படுத்துக்கொள்வேன். நாலு பேர் முன்னால் அழுதாலும் அழுவேன். அதோடு இதையும் சொல்லியிருப்பேன். அறுபத்து மூன்று மாதிரி இன்னொரு வருஷம் இந்த ஊருக்கு வரக் கூடாது. கரை உயர வேண்டும். உயர்ந்தால் தண்ணீரின் ஓரம் மேலே போகும், ஓரம் போகிற இடத்தில் மறுபடி சேறு வரும், கோரை வரும். எல்லாப் பறவையும் திரும்பி வரும் என்று உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். சிலது வராது. சிலது நான் பார்த்திராததாக வரும். அதைப் பார்க்க எனக்கு இன்னும் கண் நன்றாக இருக்கிறது.

நீ அந்த ஷிப்பிங் ஆபீஸிலேயே இருந்தால் அந்தக் கரை உயராமல் இருந்துவிடுமா? வேறு ஒருத்தன் அளவுகோலோடு வருவான். அவனுக்கு அது வெறும் சதுப்பு. உனக்கு அங்கே எந்தப் புதரில் என்ன இருக்கிறது, எந்த மாசம் எது முட்டை மேல் உட்காரும் என்று ஏழு வயதிலிருந்து தெரியும். காட்டை வெட்டுவதற்கு முன்னால் அந்த நிலத்தில் முதலில் நடக்கப் போகிறவன் நில அளவைக்காரன். நடந்து பார்த்து, இந்தப் பக்கத்தை இந்த மாசம் வெட்ட வேண்டாம், குஞ்சு ஓடின பிறகு வெட்டலாம் என்று எழுது. எனக்குக் கொடுத்தது இரண்டு வார்த்தை எழுதுகிற சீட்டு. உனக்கு முழுத் தாள் கொடுக்கப் போகிறார்கள், அதுவும் இங்கிலீஷில் எழுதத் தெரிந்தவன் நீ. உனக்கு மேலே இருக்கிறவர்கள் சிரிக்கலாம். ஒருத்தர் சிரித்தால் அடுத்தவரிடம் போ. சதுப்பைப் பற்றி எழுதுகிறபோது தண்ணீரைப் பற்றியும் எழுது. ஊருக்கு எவ்வளவு தாமதமாகும், அதை எப்படி ஈடுகட்டலாம் என்று சேர்த்தே எழுது. ஒன்றை மறைத்து இன்னொன்றைக் கேட்காதே.

திங்கட்கிழமை போய்ச் சரி என்று சொல்லிவிட்டு வா, தம்பி. அங்கே போன பிறகு உரக்கக் கேள். அவகாசம் கொடுத்தால் கோழி பிழைக்கும். கொடுக்காவிட்டால், முடியாது என்று சொன்ன மனிதர் ஒருவராவது இருப்பார். நான் இருபது நாள் காவல் காத்தேனே, யாரையும் கேட்காததால் என்னிடம் முடியாது என்று ஒருவரும் சொல்லவே இல்லை.

உன் அப்பா